உழைக்கும் உடலின் முதற் கவசம்: தோலும் மலையகத் தோட்ட வாழ்வும்

மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு எது என்று கேட்டால் ஈரல் என்றோ நுரையீரல் என்றோ விடை கூறுவோர் பலராவர். உண்மையில் அப்பெருமை தோலுக்கே உரியது. வளர்ந்த ஒருவரின் தோலை விரித்துப் பரப்பினால் அது ஒன்றரை முதல் இரண்டு சதுர மீற்றர் வரையான இடத்தை மூடும். அதன் கீழுள்ள கொழுப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் உடல் நிறையில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு தோலின் நிறையாகும்.

இத்துணைப் பெரிய உறுப்பாக இருந்தும் தோலை ஓர் உறுப்பாகவே நாம் கருதுவதில்லை. நெஞ்சு வலித்தால் வைத்தியரை நாடி ஓடுகின்றோம். தோல் வெடித்தால், அரித்தால், நிறம் மாறினால் "மேலால் வந்தது மேலால் போய்விடும்" என்று இருந்துவிடுகின்றோம். நுவரெலியா, ஹற்றன், தலவாக்கலை, மஸ்கெலியா, பொகவந்தலாவை பகுதிகளின் தேயிலைத் தோட்டங்களில் இந்த அலட்சியத்துக்கு அதிக விலை கொடுக்க நேரிடுகின்றது. ஏனெனில் தோட்டத் தொழில் முழுவதும் தோலின் மீதே நடைபெறுகின்றது. கொழுந்து கிள்ளும் விரல், கூடைக் கயிற்றைத் தாங்கும் நெற்றி, ஈர மண்ணில் பதியும் பாதம், மருந்துத் தாங்கியைச் சுமக்கும் முதுகு என ஒவ்வொரு வேலைக்கும் தோலின் ஒரு பகுதி ஈடுகொடுக்கின்றது. எனவே தோலின் அமைப்பையும் தொழிற்பாட்டையும் அறிந்துகொள்வது மலையக மக்களுக்குப் பாடப்புத்தக அறிவு மாத்திரமன்று, அன்றாடத் தேவையுமாகும்.

மூன்று அடுக்குகள்

தோல் மூன்று அடுக்குகளால் ஆனது. வெளியே இருப்பது மேற்றோல். அதன் கீழ் உட்டோல். அதற்கும் கீழே கொழுப்பு நிறைந்த அடிப்படை.

மேற்றோல் மிக மெல்லியது. கண்ணிமையில் அதன் தடிப்பு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒன்றரை மில்லிமீற்றர் அளவுக்குத் தடித்திருக்கும். இதில் இரத்தக் குழாய்கள் இல்லை. இதன் அடித்தளத்தில் உள்ள கலங்கள் இடைவிடாது பிரிந்து புதிய கலங்களைத் தோற்றுவிக்கின்றன. அவை மெல்ல மெல்ல மேலே தள்ளப்பட்டு, கெரற்றின் என்னும் உறுதியான புரதத்தால் நிரம்பி, இறந்து, தட்டையாகி, இறுதியில் செதில்களாக உதிர்கின்றன. இப்பயணத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் எடுக்கும். நாம் தொட்டுப் பார்க்கும் வெளித்தோல் உண்மையில் இறந்த கலங்களின் ஒரு சுவரேயாகும். கலங்கள் செங்கற்களாகவும் அவற்றுக்கிடையே உள்ள கொழுப்புப் பொருட்கள் சாந்தாகவும் அமைந்த சுவர் அது. உள்ளிருக்கும் நீர் வெளியேறாமலும் வெளியிலுள்ள கிருமிகள் உட்புகாமலும் காப்பது இச்சுவரே.

உட்டோல் உயிருள்ள உலகம். கொலாஜன் என்னும் நார்ப்புரதம் அதற்கு வலிமையையும் இலாஸ்ரின் நீட்சியையும் தருகின்றன. இரத்தக் குழாய்கள், நரம்பு முனைகள், வியர்வைச் சுரப்பிகள், மயிர் வேர்கள், நெய்ச் சுரப்பிகள் யாவும் இங்கேயே வேர்கொண்டுள்ளன. மூன்றாம் அடுக்கான கொழுப்புப் படை குளிரைத் தடுக்கும் கம்பளியாகவும் அடியைத் தாங்கும் மெத்தையாகவும் பயன்படுகின்றது.

விரல் நுனியின் அறிவு

தொடுகை, அழுத்தம், அதிர்வு, சூடு, குளிர், வலி ஆகியவற்றை உணரத் தோலில் வெவ்வேறு நரம்பு முனைகள் உள்ளன. அவை மிக நெருக்கமாக அமைந்துள்ள இடங்களுள் விரல் நுனி ஒன்றாகும். பார்வையற்றோர் புள்ளி எழுத்துக்களை விரலால் வாசிக்க முடிவது இதனாலேயே. அனுபவமுள்ள ஒரு கொழுந்துப் பறிப்பாளரின் விரல்களும் இவ்வாறே தேயிலைச் செடியை வாசிக்கின்றன. இரண்டு இலையும் ஒரு குருத்தும் கொண்ட தளிர் எது, முற்றிய தண்டு எது என்பதைக் கண் தீர்மானிக்கும் வேகத்திலேயே விரலும் தீர்மானிக்கின்றது. தடித்த கையுறையை அணிந்துகொண்டு கொழுந்து பறிக்கப் பலர் தயங்குவதற்கு இதுவே காரணம். கையுறை தோலைக் காத்தாலும் விரலின் அறிவை மறைத்துவிடுகின்றது. கொழுந்தின் நிறை குறைந்தால் வருமானமும் குறையும் என்ற நிலையில் தொழிலாளி எதைத் தெரிவு செய்வார் என்பதைக் கூறத் தேவையில்லை.

மழை நாட்களில் விரல் நுனிகள் சுருங்குவதைக் காண்கின்றோம். தோல் நீரை உறிஞ்சி ஊறுவதால் மட்டுமே இது நிகழ்வதாகப் பலர் எண்ணுகின்றனர். விரலுக்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டவர்களுக்கு இச்சுருக்கம் ஏற்படுவதில்லை என்பது 1930களிலேயே கவனிக்கப்பட்டது. நரம்பின் கட்டளையால் உள்ளிருக்கும் இரத்தக் குழாய்கள் ஒடுங்குவதே இதன் காரணமாகும். ஆயினும் நாள் முழுவதும் ஈரத்தில் ஊறும் தோலின் சாந்து கரைந்து சுவர் பலவீனமடைவதும் உண்மையே.

கொழுந்து பறிப்போரின் விரல்களில் படிந்திருக்கும் கருமை அழுக்கு அன்று. கிள்ளும்போது கசியும் சாற்றிலுள்ள பொலிபீனோல்கள் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து கபில நிறமாகின்றன. தொழிற்சாலையில் அரைக்கப்பட்ட கொழுந்து கறுப்புத் தேயிலையாக மாறும்போது நிகழும் அதே இரசாயனத் தாக்கம் விரல் மீதும் நிகழ்கின்றது. அந்நிறம் மேற்றோலின் கெரற்றினுடன் பிணைந்துகொள்வதால் எவ்வளவு தேய்த்தாலும் போவதில்லை. கலங்கள் உதிரும்போதுதான் அதுவும் உதிரும். அதற்குள் மறுநாள் கொழுந்து மீண்டும் சாயம் பூசிவிடுகின்றது. பாடசாலைக்கோ அலுவலகத்துக்கோ செல்லும்போது தம் கைகளை மறைக்க முற்படும் தாய்மார்கள் இதனை அறிந்திருப்பது நன்று. அக்கருமையில் வெட்கப்படுவதற்கு எதுவுமில்லை.

வெடிப்பும் தழும்பும்

உள்ளங்கைக்கும் உள்ளங்காலுக்கும் ஒரு தனித்தன்மை உண்டு. அங்கே வியர்வைச் சுரப்பிகள் ஏராளமாக உள்ளன. நெய்ச் சுரப்பிகளோ அறவே இல்லை. உடலின் ஏனைய பகுதிகளுக்குக் கிடைக்கும் இயற்கையான எண்ணெய்ப் பூச்சு இவ்விடங்களுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஈரமும் உலர்வும் மாறி மாறி வரும்போது தடித்த தோல் நெகிழ்ச்சியை இழந்து பிளக்கின்றது. இதுவே பித்தவெடிப்பு. சலவைச் சவர்க்காரத்தால் கைகால் கழுவும் பழக்கம் இதனை மேலும் மோசமாக்கும். தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத் தன்மையுடையது; அது கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கின்றது. காரம் மிகுந்த சவர்க்காரம் அந்த அமிலத்தையும் சாந்தாக விளங்கும் கொழுப்பையும் ஒருங்கே அகற்றிவிடுகின்றது.

இடைவிடாத உராய்வுக்குத் தோல் அளிக்கும் மறுமொழி தடிப்பாகும். கூடைக் கயிறு அழுத்தும் நெற்றியிலும் கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் உள்ளங்கையிலும் மேற்றோல் கலங்கள் விரைவாகப் பெருகிக் காய்ப்பு ஏற்படுகின்றது. இது தோலின் தற்காப்பு. ஆனால் காய்ப்பு வெடித்து இரத்தம் கசிந்தால் அங்கே சுவரில் வாசல் திறந்துவிட்டது என்பதே பொருள்.

குளிரும் வெயிலும்

உடலின் வெப்பநிலையை ஏறத்தாழ 37 பாகை செல்சியசில் வைத்திருப்பதில் தோலுக்குப் பெரும் பங்குண்டு. வெப்பம் கூடும்போது தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன, வியர்வை சுரக்கின்றது. ஒரு லீற்றர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்கின்றது. குளிரில் குழாய்கள் ஒடுங்கி வெப்பத்தை உள்ளே தக்கவைக்கின்றன. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவிலேயே உள்ளது. தை, மாசி மாதங்களின் அதிகாலைகளில் புல்வெளிகளில் உறைபனி படிவதுமுண்டு. இக்குளிரில் கை, கால், உதடுகளுக்கு இரத்தம் குறைவாகவே செல்வதால் அவை வறண்டு வெடிக்கின்றன. காயங்களும் தாமதமாகவே ஆறுகின்றன.

குளிர்ந்த ஊரில் வெயிலால் என்ன தீங்கு என்று கேட்கலாம். வெப்பம் வேறு, புற ஊதாக் கதிர் வேறு. ஒவ்வொரு ஆயிரம் மீற்றர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிரின் வலிமை ஏறத்தாழ பத்து சதவீதம் கூடுகின்றது. நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் உள்ள நம் மலைநாட்டில் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு அதிகமான கதிர் விழக்கூடும். மெல்லிய முகிற் கூட்டத்தையும் அது ஊடறுத்து வரும்.

இக்கதிரிலிருந்து நம்மைக் காப்பது மெலனின் என்னும் நிறப்பொருள். மெலனினை ஆக்கும் கலங்களின் எண்ணிக்கை வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் ஏறத்தாழ ஒன்றே. அக்கலங்கள் எவ்வளவு நிறப்பொருளை ஆக்கிப் பரப்புகின்றன என்பதிலேயே வேறுபாடு உள்ளது. கருமை என்பது வெயிலுக்கு எதிராக உடல் விரித்த குடை. அக்குடையைக் கிழிப்பதற்காக வெள்ளையாக்கும் பசைகளை வாங்கிப் பூசும் மோகம் நகரங்களிலிருந்து லயன் அறைகள் வரை பரவியுள்ளது. அவற்றுள் சிலவற்றில் கலக்கப்படும் பாதரசம் சிறுநீரகங்களைப் பாதிக்க வல்லது. ஸ்டீரோயிட் கலந்த பசைகளோ தோலை மெலிவித்து விடுகின்றன. தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் இடப்படும் மருதாணி இலை தீங்கற்றது. ஆனால் உடனடியாகக் கறுப்பதற்காக முடிச்சாயத்தின் இரசாயனம் கலக்கப்பட்ட கறுப்பு மருதாணி கொப்புளங்களையும் வாழ்நாள் ஒவ்வாமையையும் ஏற்படுத்தக்கூடும்.

சுவரில் திறந்த வாசல்

1898 ஆம் ஆண்டில் எகிப்தின் கெய்ரோ நகரில் ஆர்தர் லூஸ் என்னும் ஜேர்மனிய ஆய்வாளர் கொழுக்கிப் புழுவின் குடம்பிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். குடம்பிகள் நிறைந்த நீர் தற்செயலாக அவரது கையில் சிந்தியது. அவ்விடம் அரித்துச் சிவந்தது. சில வாரங்களின் பின் அவரது மலத்தில் அப்புழுவின் முட்டைகள் காணப்பட்டன. வாய் வழியாக மாத்திரமன்றித் தோலைத் துளைத்தும் இப்புழு உடலில் நுழைகின்றது என்ற உண்மை இவ்வாறு வெளிப்பட்டது.

இக்கண்டுபிடிப்பு இலங்கையின் தோட்டங்களுக்கு நேரடியாகப் பொருந்தியது. நிழலும் ஈரமும் நிறைந்த மண், வெறுங்கால், மலசலகூடமற்ற லயன்கள் ஆகிய மூன்றும் இணைந்த இடத்தில் கொழுக்கிப் புழுவுக்கு வேறென்ன வேண்டும்? மண்ணிலுள்ள குடம்பிகள் கால் விரல்களின் இடுக்கால் நுழைந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்டு, சிறுகுடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. சோகையால் வெளிறிய தொழிலாளரைச் சோம்பேறி என்று துரைமார் ஏசிய காலம் அது. அச்சோம்பலின் வேர் பாதத்தின் தோலில் இருந்தது.

1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொழுக்கிப் புழு ஒழிப்புப் பணியை ஆரம்பித்தது. பரிசோதிக்கப்பட்ட தொழிலாளரில் பெரும்பான்மையோரிடம் புழு காணப்பட்டது. மருந்து கொடுத்துப் புழுவை வெளியேற்றினர். ஆனால் மலசலகூடங்கள் கட்டப்படாத தோட்டங்களில் குணமடைந்தோர் மீண்டும் அதே மண்ணில் நடந்து மீண்டும் தொற்றுக்கு ஆளாகினர். செலவைக் காரணம் காட்டி மலசலகூடம் கட்டத் தயங்கிய தோட்ட நிர்வாகங்கள் இருந்தன. மருந்து உடலைச் சுத்தப்படுத்தலாம். மண்ணைச் சுத்தப்படுத்தாமல் தோலைக் காக்க முடியாது என்பதே அப்பணி தந்த பாடமாகும். நூறாண்டுகள் கடந்தும் அப்பாடம் பழையதாகிவிடவில்லை.

அட்டையும் குளவியும்

தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் தேயிலை மலைகளில் அட்டைகள் பெருகுகின்றன. அட்டை தன் பற்களால் மேற்றோலைக் கடந்து இரத்தக் குழாய்கள் உள்ள உட்டோல் வரை கீறுகின்றது. இரத்தம் உறையாமல் தடுக்கும் பதார்த்தத்தை அதன் உமிழ்நீர் கொண்டிருப்பதால், அட்டை விழுந்த பின்னரும் இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு மலைக்குச் செல்வது பழைய வழக்கம். கடித்துக்கொண்டிருக்கும் அட்டையின் மீது உப்பு, சுண்ணாம்பு, நெருப்பு ஆகியவற்றை வைப்பதோ உகந்ததன்று. அவ்வேளையில் அட்டை தன் வயிற்றிலுள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடக்கூடும். அதன் வாய்ப்பகுதியை நகத்தால் மெதுவாகத் தள்ளி அகற்றி, சவர்க்காரமும் நீரும் கொண்டு கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடிப்பதே ஏற்றது. கடித்த இடத்தை நாட்கணக்கில் சொறிவதாலேயே பற்றீரியாக்கள் நுழைந்து புண்ணாகின்றது. கால் சிவந்து, வீங்கி, சூடேறிக் காய்ச்சலும் வந்தால் அது உட்டோலைத் தாக்கிய தொற்று. நீரிழிவு உள்ளவர்கள் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

குளவிக் கொட்டு மலையகச் செய்திகளில் அடிக்கடி இடம்பெறும் அவலம். குளவியின் கொடுக்கு தோலுக்குள் செலுத்தும் நஞ்சு அங்குள்ள காவற் கலங்களைத் தூண்ட, அவை ஹிஸ்டமினை வெளியிடுகின்றன. வீக்கமும் அரிப்பும் அதனால் வருபவை. பலருக்கு அது அவ்விடத்தோடு நின்றுவிடும். சிலருக்கோ உடல் முழுவதும் தடிப்பு எழுந்து, மூச்சுத் திணறி, இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிராபத்து நேரும். கொட்டிய இடத்துக்கு அப்பால் உடலில் தடிப்போ மூச்சுத் திணறலோ தோன்றினால் சுண்ணாம்பு தேடி நேரத்தை வீணாக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். பல குளவிகள் ஒருங்கே கொட்டியிருந்தாலும் அவ்வாறே செய்ய வேண்டும்.

மருந்து தெளிப்போரின் தோல்

களைநாசினியும் பூச்சிநாசினியும் வாய் வழியாகவே உடலிற் சேரும் என்று எண்ணுவது தவறு. தெளிக்கும் தொழிலாளியைப் பொறுத்தவரை தோலே முதன்மையான வழி. தோல் எல்லா இடங்களிலும் ஒரே அளவாக உறிஞ்சுவதில்லை. முன்னங்கையை விட முகமும் கழுத்தும், அவற்றை விடத் தொடையிடுக்கும் இரசாயனங்களைப் பன்மடங்கு உறிஞ்சுகின்றன. ஒழுகும் தாங்கியிலிருந்து முதுகு வழியே இடுப்புக்கு இறங்கும் திரவம் அவ்விடத்தையே சென்றடைகின்றது. வியர்வையும் வெப்பமும் உறிஞ்சலை அதிகரிக்கும். வெடிப்புள்ள தோலோ தடையே அற்றது.

நகங்களையும் தோலையும் அரிக்கவல்ல பரகுவட் களைநாசினி இலங்கையில் 2008 ஆம் ஆண்டு முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. 2015 இல் தடை செய்யப்பட்ட கிளைபொசேற், தேயிலைக்கும் றப்பருக்குமென 2018 இல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. எந்த நாசினி வந்தாலும் போனாலும் தொழிலாளியின் தோல் அதேதான். நனைந்த உடையை உடனே களைந்து, தாராளமான நீரால் கழுவுவது முதற் சிகிச்சை. அந்த உடையை வீட்டாரின் உடைகளுடன் சேர்த்துத் துவைக்கக் கூடாது. வேலைத்தளத்துக்கு அருகில் குழாய் நீர் இல்லாத மலையில் இந்த அறிவுரை வெறும் சொல்லாகவே நின்றுவிடும் என்பதையும் இங்கு கூறியாக வேண்டும்.

செய்யக்கூடியவை

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை. வேலை முடிந்ததும் கைகால்களைக் கழுவி, விரல் இடுக்குகளை நன்கு துடைத்து உலர்த்த வேண்டும். தொழுகைக்கு வுழூச் செய்வோர் கால் விரல்களின் இடுக்குகளையும் தேய்த்துக் கழுவுவது நல்ல வழக்கம். கழுவியபின் உலர்த்துவதையும் சேர்த்துக்கொண்டால் பங்கசினால் வரும் சேற்றுப்புண் அண்டாது. இரவில் உள்ளங்கைக்கும் குதிக்காலுக்கும் தேங்காய் எண்ணெய் பூசினால், இயற்கை கொடுக்காத நெய்யை நாமே கொடுத்ததாகும். கத்தியாலோ முள்ளாலோ ஆழமான காயம் ஏற்பட்டால் ஏற்புவலித் தடுப்பூசி பற்றி வைத்திய அதிகாரியிடம் கேட்க வேண்டும். இரவில் கூடும் அரிப்பு வீட்டில் பலருக்கும் இருந்தால் அது சொறியாக இருக்கலாம். நெருக்கமான லயன் அறைகளில் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசினாலன்றி அது ஒழியாது.

வெளிறிய அல்லது செம்மை படர்ந்த படையில் தொடுகை உணர்வு இல்லையெனில் அது தொழுநோயின் அறிகுறியாக இருக்கலாம். அரிப்பும் வலியும் இல்லாதிருப்பதே அதன் ஆபத்து. 1995 இல் இலங்கை தொழுநோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து அகற்றியபோதிலும் புதிய நோயாளர்கள் இன்றும் கண்டறியப்பட்டு வருகின்றனர். பல மருந்துகள் இணைந்த சிகிச்சை அரச வைத்தியசாலைகளில் இலவசமாகக் கிடைக்கின்றது. காலத்தோடு சென்றால் அங்கவீனம் ஏற்படாது. ஆறாத புண், வளரும் அல்லது நிறம் மாறும் மச்சம் ஆகியவற்றையும் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

இவை தொழிலாளி செய்யக்கூடியவை. ஆனால் பாதணி, விரலின் உணர்வை மறைக்காத மெல்லிய கையுறை, ஒழுகாத தெளிகருவி, மலையில் கழுவ நீர், வேலைத்தளத்தில் மலசலகூடம் ஆகியவற்றைத் தொழிலாளி தனித்துத் தேடிக்கொள்ள முடியாது. தோட்ட மருந்தகத்துக்குச் செல்ல ஒரு நாட் சம்பளத்தை இழக்க நேரும்போது, தோலில் தோன்றும் சிறு அடையாளத்தை யாரும் காட்டமாட்டார்கள். காட்டப்படாத அடையாளமே பின்னர் ஆதார வைத்தியசாலையின் கட்டிலில் முடிகின்றது. தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தையில் அமரும்போது இவற்றையும் கோரிக்கைப் பட்டியலில் சேர்ப்பது அவசியம். தோட்டக் கம்பனிகளும் கத்திக்கும் கூடைக்கும் ஒதுக்கும் செலவைப் போன்று இதனையும் உற்பத்திச் செலவாகக் கொள்ள வேண்டும். 1916 இல் மலசலகூடம் கட்டச் செலவாகும் என்று தயங்கிய தோட்டங்கள், அச்செலவை விடப் பெரிய இழப்பைத் தொழிலாளரின் சோகையாலும் வேலை நாட்களின் வீழ்ச்சியாலும் அடைந்தன. அதே கணக்கை இன்றும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது தோட்டங்களுக்கும் நல்லது, தொழிலாளருக்கும் நல்லது.